டாரன்டுலா ஆணா பெண்ணா: உரித்த சட்டையா, வயிற்றுப் படமா, காத்திருப்பதா?

வீட்டில் டாரன்டுலா என்கிற பெரிய முடிச்சிலந்தி இருக்கிறது என்று தெரிந்ததும் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "கடிக்குமா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், "ஆணா, பொண்ணா?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் விற்றவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள். "பொண்ணுதாங்கண்ணா, கன்ஃபார்ம்" என்று அவர் சொல்லியிருப்பார். எதை வைத்துச் சொன்னார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றால், நிறைய ஆகிறது. மெக்சிகன் ரெட் நீ என்ற இனத்துச் சிலந்தி பெண்ணாக இருந்தால் 20 வருஷத்தைத் தாண்டியும் உங்கள் வீட்டில் இருக்கும். இப்போது எட்டாவது படிக்கிற பையன் ஆசைப்பட்டு வாங்கியிருப்பான், அவன் படித்து முடித்து வேலைக்கு வெளியூர் போன பிறகும் அதற்குக் கரப்பான் போடுவது அம்மாவின் வேலையாகிவிடும். ஆணாக இருந்தால் பருவத்துக்கு வரும்வரை சில வருஷம், கடைசிச் சட்டையை, அதாவது பழைய தோலை, உரித்த பிறகு ஒரு வருஷம் முன்னே பின்னே, அவ்வளவுதான். அதனால்தான் பெண் என்று சொன்னாலே விலை ஏறுகிறது, அதனால்தான் பெண் என்று சொல்ல விற்பவருக்கு ஆசையும் வருகிறது. ஜோடி சேர்க்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சும்மா அழகுக்கு வைத்துப் பார்க்கிறவருக்கு? அவருக்கு உண்மையில் அவசரமே இல்லை. இதைக் கடைசியில் பேசலாம்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியதைக் கழித்துவிடுகிறேன். "கால் நீளமா இருக்கு, ஆண்", "குண்டா இருக்கு, பெண்", "கோவக்காரி, பெண்", இதெல்லாம் பருவத்துக்கு வராத சிலந்தியிடம் செல்லாது. வயிறு குண்டாக இருப்பது போன வாரம் என்ன சாப்பிட்டது என்பதைத்தான் சொல்லும். கோபம் இனத்தைப் பொறுத்தது, அந்த ஒரு சிலந்தியின் குணத்தையும் பொறுத்தது. நிறத்தை வைத்துச் சொல்ல முடிகிற இனங்கள் உண்டு, ஆனால் அங்கேயும் வித்தியாசம் பெரும்பாலும் ஆண் பருவத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். கோபால்ட் ப்ளூவில் பெண்ணின் கால் கடைசிவரை நீலம், ஆண் கடைசிச் சட்டை உரித்ததும் மங்கிய பழுப்பாகிவிடும். அதற்குமுன் இரண்டுக்கும் ஒரே நீலம். கிளிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் இறகு அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்கிற மாதிரி இதற்கும் உண்டா என்று கேட்கிறார்கள். சிலந்தி வளர்ப்பவர்களிடம் அப்படி ஒரு பழக்கம் இல்லை, தேவையும் இல்லை, ஏனென்றால் சாட்சியைச் சிலந்தியே உரித்துக் கொடுத்துவிடுகிறது.

ஆக மிச்சம் இருப்பது மூன்று வழி: உரித்த சட்டையைப் பார்ப்பது, உயிரோடு இருக்கும்போதே வயிற்றின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது, பருவத்துக்கு வரும்வரை காத்திருப்பது. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சட்டைதான் தீர்ப்பு. வயிறு ஒரு நல்ல ஊகம். காத்திருப்பது இலவசம், தப்பே வராது, ஆனால் ஆணாக இருந்தால் பதில் வரும்போது ஆயுசு முடியப் போகிற நேரம்.

சட்டையில் ஏன் தெரிகிறது என்றால், சிலந்தி உரிப்பது வெளித்தோலை மட்டுமல்ல. வாய்ப்பகுதியின் உள்பூச்சு, நுரையீரலின் உள்பூச்சு எல்லாம் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பெண்ணுக்கு ஆணின் விந்தைச் சேர்த்து வைத்துக்கொள்ள வயிற்றுக்குள் ஒரு பை இருக்கிறது, அந்த விந்துப்பையின் பூச்சும் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஆணுக்கு அந்தப் பை கிடையாது. சிலந்தியைத் தொடாமல், அதற்கு ஒரு சிரமமும் கொடுக்காமல் உள்ளுறுப்பைப் பார்க்க வேறு வழி இல்லை.

சட்டையை எடுப்பதில் கொஞ்சம் பதமும் பொறுமையும் வேண்டும். சிலந்தி மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று பதறி டப்பாவைத் தட்டாதீர்கள், அது சட்டை உரிக்கப் போகிறது. பெரிய சிலந்திக்குச் சில மணி நேரம்கூட ஆகும். உரித்து முடித்ததும் பல் வெள்ளையாக, உடம்பு மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் இடுக்கியை உள்ளே விடாமல் அது நிமிர்ந்து தள்ளிப் போகும்வரை விட்டுவிடுங்கள். ஆனால் நாள்கணக்கில் விட்டாலும் வேலைக்கு ஆகாது, சில சிலந்திகள் சட்டையைக் கடித்துச் சுருட்டித் தண்ணீர்க் கிண்ணத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். நமக்கு வேண்டிய வயிற்றுப் பகுதிதான் முதலில் நாசமாகும், ஏனென்றால் கால்களும் முதுகு ஓடும் கெட்டியானவை, வயிற்றுத் தோல்தான் மெல்லியது.

எடுத்த சட்டையில் வயிற்றுத் தோல் ஈரமான டிஷ்யூ பேப்பரைக் கசக்கின மாதிரி ஒரு சுருணையாக இருக்கும். சேலத்து வெயிலில் ஒரு மத்தியானத்தில் அது மொறுமொறுவென்று காய்ந்துவிடும், காய்ந்ததைப் பிரித்தால் தூளாகிவிடும். ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் சோப்பு ஒரு சொட்டு. அதில் சட்டையைப் போட்டு அரை மணி நேரம் மறந்துவிடுங்கள். மாசக்கணக்கில் டப்பாவில் கிடந்த பழைய சட்டையும் இப்படி இளகிவரும், அதனால் போன வருஷத்துச் சட்டை கிடக்கிறதே என்று தூக்கி எறிய வேண்டாம். இளகியதும் நீர்வர்ணம் அடிக்கிற மெல்லிய பிரஷ் இரண்டை வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே மடிப்பு மடிப்பாக விரிக்க வேண்டும். இடுக்கியால் இழுத்தால் கிழியும்.

விரித்த பிறகு தோலின் உட்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். நாலு வெள்ளைத் திட்டு தெரியும், இரண்டு மேலே, இரண்டு கீழே. அவைதான் புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் புத்தக நுரையீரல்களின் பூச்சு. தலைப்பக்கம் இருக்கும் மேல் ஜோடிக்கு நடுவே குறுக்காக ஒரு கோடு ஓடும். நாம் தேடுவது அந்தக் கோட்டின் மேல்தான். பெண் என்றால் அங்கே தோலிலிருந்து தனியாக எழும்பி நிற்கும் ஒரு சின்ன மடல் இருக்கும். ஊசி முனையை அடியில் விட்டுத் தூக்கினால் தூக்கவரும், விட்டால் படியும். ரெட் நீ வகையில் அது அகலமான ஒரே பட்டை, சிலி ரோஸ் வகையில் இரண்டு தனித்தனி மொட்டுகள். ஆண் என்றால் வெறும் கோடுதான், தூக்க ஒன்றும் இருக்காது.

இதிலும் ஏமாறுகிற இடம் உண்டு. சில இளம் ஆண்களுக்கு அதே கோட்டில் துணை உறுப்பு என்று சொல்லப்படும் சின்னத் துருத்தல் இருக்கும், சின்னச் சட்டையில் அது பெண்ணின் பை மாதிரியே தெரியும். அதனால் கால்விரிப்பு, அதாவது கால்களை விரித்தால் நுனிக்கு நுனி இருக்கும் அளவு, மூன்று நாலு சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குட்டியின் சட்டையைப் பார்த்துப் "பெண்" என்று சத்தியம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. அந்த இனத்தின் பை எப்படி இருக்கும் என்று தெரிந்து, நல்ல மைக்ராஸ்கோப்பும் இருந்தால் அந்த அளவிலும் பார்க்கலாம். நம்மைப் போன்றவர்கள் அடுத்த சட்டைவரை பொறுப்பதே மேல். கால்விரிப்பு அஞ்சாறு சென்டிமீட்டர் ஆனபிறகு உரிக்கும் சட்டையில் லென்ஸ் இருந்தால் போதும், அதற்கும் பெரியது என்றால் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

லென்ஸ் விஷயத்தில் சேலத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குச் சாமான் விற்கிற கடைகளில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும், நுனி கூரான இடுக்கியும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும், இந்த வேலைக்கு அதுவே போதும். கம்ப்யூட்டரில் மாட்டுகிற சின்ன யுஎஸ்பி மைக்ராஸ்கோப் இருந்தால் படம் எடுத்து அடுத்தவரிடம் காட்டலாம், சண்டை குறையும். விலங்கியல் படிக்கிற பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரெட் நீ, சிலி ரோஸ் மாதிரி அமெரிக்கக் கண்டத்து இனங்களின் வயிற்றில் அரிப்பு முடி உண்டு, உரித்த சட்டையிலும் அது அப்படியே இருக்கும். சட்டையைக் காய்ந்தபடி முகத்துக்கு நேரே வைத்து ஊதிப் பார்க்காதீர்கள். கையுறை போடுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள், கழுவும்வரை கண்ணைத் தேய்க்காதீர்கள்.

இப்போது வயிறு. சட்டை இல்லை, அல்லது வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும் என்றால் இதுதான் வழி. ஆண் சிலந்தி விந்தை வைக்க ஒரு சின்ன வலை பின்னும், அந்த வலைக்கான நூலைச் சுரக்கும் நுண்ணிய குழாய்கள் மேலே சொன்ன அதே கோட்டுக்குச் சற்று மேலே, தலைப்பக்கமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் முடி அடர்ந்து, பக்கத்து முடியிலிருந்து வேறாக, ஒரு கறுத்த அரைவட்டத் திட்டாகத் தெரியும். பெண்ணுக்கு அந்தத் திட்டு இல்லை, பதிலாகக் கோட்டின் உதடு தடித்து, சற்றே புடைத்து, நுரையீரல்களுக்கு நடுவில் அகன்று தெரியும்.

சொல்லும்போது சுலபம். பார்க்கும்போது எல்லாமே கறுப்பு முடிதான். இதற்காகச் சிலந்தியைக் கையில் பிடித்துத் திருப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு அடி உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துச் செத்துப்போகலாம், சில இனங்கள் கடித்தால் நமக்கும் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. தேவையே இல்லை. அடி தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் அதை மெதுவாக நடத்திவிட்டு, மூடி, டப்பாவைக் கீழிருந்து செல்போனில் படம் எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், அது பிளாஸ்டிக்கில் பட்டுத் தெறித்து வேண்டிய இடத்தைத்தான் வெளுக்கடிக்கும். ட்யூப் லைட் பக்கவாட்டில் விழுந்தால் முடியின் திசை தெரியும். கோடும் மேல் ஜோடி நுரையீரலும் முழுசாகத் தெரிகிற நேர்ப்படம் வேண்டும், சாய்வாக எடுத்த படத்தில் நிழலே திட்டாகி எல்லாம் ஆணாகிவிடும்! மரத்தில் வாழும் இனங்கள் கண்ணாடியில் ஏறி உட்காரும் பழக்கம் உள்ளவை, அவற்றை டப்பா மாற்றாமலே எடுத்துவிடலாம்.

இதை எவ்வளவு நம்பலாம்? சிலந்தி பெரிதாக ஆக, சட்டை உரித்துப் புது முடி வந்த கொஞ்ச நாளுக்குள் எடுத்தால், நிறையவே நம்பலாம். சின்னதில் நம்ப முடியாது. கரேலென்று இருக்கும் இனங்களில் கறுப்பின்மேல் கறுப்புத் திட்டைத் தேடுவது வீண்வேலை. இன்னொன்று, திட்டு தெளிவாகத் தெரிந்தால் "ஆண்" என்று தைரியமாகச் சொல்லலாம், தெரியவில்லை என்பதால் "பெண்" என்று சொல்லிவிட முடியாது, படம் சரியில்லாததாகவும் இருக்கலாம். பணம் கைமாறும்போது இந்த வித்தியாசம்தான் உதைக்கும். அதனால் விற்பவர் வயிற்றுப் படத்தை மட்டும் காட்டிப் பெண்ணின் விலை கேட்டால், "சட்டை இருக்குங்களா?" என்று கேளுங்கள். ஓரளவு பெரிய சிலந்தி வைத்திருப்பவரிடம் ஒரு சட்டைகூட இல்லை என்றால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.

மூன்றாவது, காத்திருப்பது. பருவத்துக்கு வந்த ஆணை யாரும் தவற விட முடியாது. வாய்க்குப் பக்கத்தில் கைபோல இருக்கும் இரண்டு குட்டைக் கால்களின் நுனி உருண்டு வீங்கியிருக்கும், விந்தை எடுத்துச் செல்லும் குமிழ் அதற்குள்தான். பல இனங்களில் முதல் ஜோடிக் காலின் அடியில் ஒரு கொக்கியும் வரும், பெண்ணின் பல்லை மடக்கிப் பிடிக்க. அதுவரை ஒரே மூலையில் கிடந்த பிராணி ராத்திரி முழுக்க டப்பாவைச் சுற்றிச் சுற்றி வரும். அதற்குப் பிறகு அது பொதுவாகச் சட்டை உரிப்பதில்லை, உரிக்க முயன்றாலும் அந்த வீங்கிய நுனி சிக்கிக்கொண்டு சாவதுதான் அதிகம்.

கொக்கியை மட்டும் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். மரத்தில் வாழும் நம் ஊர்ப் பேரினமான பொயசிலோதீரியாவின் ஆண்களுக்கு அந்தக் கொக்கி இல்லை. நம் ஊர் என்று சும்மா சொல்லவில்லை. பொயசிலோதீரியா ஃபார்மோசா என்ற இனத்தை 1899-இல் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் விவரித்தபோது அவர் கையில் இருந்தது சேர்வராயன் மலையடிவாரத்துக் காடையாம்பட்டியில் கிடைத்த சிலந்தி. உலகம் முழுக்க டாரன்டுலா வளர்ப்பவர்கள் அதைச் சேலம் ஆர்னமென்டல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாம்பழத்துக்கும் ஸ்டீலுக்கும் அப்புறம் ஊர் பெயர் வெளிநாட்டில் போய்ச் சேர்ந்திருப்பது ஒரு எட்டுக்கால் பூச்சியால் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்!

அந்தப் பெருமையோடு ஒரு கண்டிப்பும் உண்டு. ஏற்காடு போகிற வழியில் மரப்பொந்தில் ஒன்றைப் பார்த்தால் பார்த்துவிட்டு வாருங்கள், டப்பாவைத் திறக்காதீர்கள். அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது, பொயசிலோதீரியா முழுவதும் 2019-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ரெட் நீயின் பேரினமான பிராக்கிபெல்மா அதற்கும் வெகுநாள் முன்பே அதில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், குட்டி போட்டாலும் செத்தாலும் கைமாறினாலும் சொல்ல வேண்டும். ஜோடி சேர்க்கத்தான் ஆணா பெண்ணா என்று தேடுகிறீர்கள் என்றால் முதலில் இதை முடித்துக்கொள்ளுங்கள். ஒரே முட்டைப்பையில் நூற்றுக்கணக்கில் குட்டிகள் வந்த பிறகு பேப்பர் தேடினால் மண்டை காய்ந்துவிடும்.

காத்திருப்பதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, வெயில். சேலத்தில் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சூட்டில், நன்றாகத் தீனியும் போட்டால் குட்டி விறுவிறுவென்று சட்டை மாற்றும். அதே இனத்தை ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டில் வைத்தால் குளிரில் மெதுவாகத்தான் வளரும். கீழே இருப்பவருக்கு விடை சீக்கிரம் வரும், சிலந்தி ஆணாக இருந்தால் அதன் ஆயுசும் சீக்கிரம் முடியும். விடை தெரிய வேண்டும் என்பதற்காகவே அள்ளி அள்ளித் தீனி போடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

அப்போ வாங்கும்போது என்ன செய்வது? பெண்தான் வேண்டும், ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றால், சட்டை பார்த்து உறுதி செய்த, ஓரளவு வளர்ந்த சிலந்தியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதுதான் கடைசியில் மலிவு. கையில் காசு குறைவு, பொறுமை உண்டு என்றால் ஒரே இனத்தில் மூன்று குட்டிகள் வாங்கலாம். ஆணும் பெண்ணும் பாதிப்பாதி என்று வைத்துக்கொண்டால் மூன்றும் ஆணாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்புதான், மிச்ச ஏழில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்கும். ஆனால் மூன்று டப்பா, மூன்று வாய், குட்டியிலேயே ஒன்றிரண்டு சாகவும் கூடும். ஒரே டப்பாவில் மூன்றையும் போட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். ஜோடி சேர்க்க நினைப்பவர் ஒரே முட்டைப்பையின் அண்ணன் தங்கையை நம்பி உட்காரக் கூடாது, ஆண் முன்னாலேயே பருவத்துக்கு வந்து, பெண் தயாராவதற்குள் செத்துப்போகும். அவர்கள் பருவம் வந்த ஆணை வெளியிலிருந்து தேடுவதுதான் நடைமுறை.

வெறுமனே பார்த்து ரசிக்க வாங்குகிறவருக்கு என் யோசனை, குட்டியையே வாங்குங்கள், விற்பவர் சொன்ன "பொண்ணு"வுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். வளர வளர ஒவ்வொரு சட்டையையும் எடுத்துத் தீப்பெட்டியிலோ சின்ன ஜிப் கவரிலோ போட்டு மேலே தேதி எழுதிவையுங்கள். பேர் வைக்க அவசரம் என்றால் ஆண் பெண் இரண்டுக்கும் பொருந்துகிற பேராக வையுங்கள், "கறுப்பு" என்றால் யாருக்கும் பொருந்தும். பிற்பாடு யாருக்காவது கொடுக்க நேர்ந்தால் சிலந்தியோடு கடைசியாக உரித்த சட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், வாங்குகிறவர் தானே ஊறவைத்துப் பார்த்துக்கொள்வார்.